விலாசம் இல்லாத பள்ளிக்கூடம்

பாலக்கரை ஆட்டோ ஸ்டாண்டில் என் படம் போட்ட பேனர் ஒன்று தொங்கியது. அந்த வருடங்களில் விருத்தாசலத்தில் காதுகுத்துக்கும் ஃப்ளெக்ஸ் பேனர், கருமாதிக்கும் ஃப்ளெக்ஸ் பேனர் என்று ஆகியிருந்தது. துணியில் பெயின்ட் அடித்து எழுதிய காலத்தில் பெரிய மனிதர்களுக்குத்தான் பேனர். கம்ப்யூட்டரில் அச்சடிக்க ஆரம்பித்ததும் எல்லார் முகமும் தெருவுக்கு வந்துவிட்டது. என்னுடையது கல்யாணப் பேனரும் இல்லை, கண்ணீர் அஞ்சலியும் இல்லை. ‘பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் வெற்றி வாகை சூடிய எங்கள் அன்புத் தம்பிக்கு வாழ்த்துகள்’ என்று போட்டிருந்தது. கீழே வாழ்த்துபவர்களின் தலைகள் வரிசையாக, கட்டைவிரல் அளவில். அவர்களில் பாதிப்பேர் காதில் செல்போனை வைத்துக்கொண்டு போஸ் கொடுத்திருந்தார்கள்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

பேனர் வைத்தது என் அக்காவின் கணவர். அவர் அந்த ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் கல்யாண ஆல்பத்தில் குடும்பமாக நிற்கிற படம் ஒன்றிலிருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் நின்றவரின் கை மட்டும் வெட்டுப்படாமல் என் தோளில் தங்கிவிட்டது. ஆள் இல்லாத ஒரு கை, மோதிரத்தோடு. டீ குடிக்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்டார்கள். “இது யாரு கைப்பா? வாத்தியாரா?”

நான் பத்தாவது பாஸ். ப்ளஸ் ஒன்னில் சேர்ந்து இரண்டு மாதம் போனேன். எட்டாவதோடு நின்றுவிட்ட அக்கா, நான் ப்ளஸ் ஒன்னில் சேர்ந்த அன்று எனக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். அந்தச் செருப்போடுதான் வேப்பூர் கூட்டுரோட்டில் லாரி ஏறினேன். வீட்டில் சண்டை எதுவும் இல்லை. வகுப்பில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். லாரியில் கிளீனராக இருந்தேன். வேப்பூரில் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் புரோட்டா மாவு பிசைந்தேன். கேரளாவில் ரப்பர் தோட்டம், திருப்பூரில் சாயப்பட்டறை, குஜராத்தில் டைல்ஸ் கம்பெனி. பசி, காய்ச்சல், சம்பளம் தராமல் துரத்தியவர்கள் எல்லாம் உண்டு. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அந்த வழியில் போனவர்கள் எல்லாருக்கும் அது உண்டு. எந்த ஊரிலும் மூன்று வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. உறவுக்காரர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் ஓடுகாலி.

குஜராத்திலிருந்து திரும்பியபோது அக்கா வீட்டில் தங்கினேன். டைல்ஸ் கம்பெனியில் சூளை வேலை பழகியிருந்ததால் எங்கள் ஊர் செராமிக் பட்டறைகளில் வேலை கிடைப்பது கஷ்டமாக இல்லை. நான் சேர்ந்த இடத்தில் கரண்டு ஃபியூஸ் கட்டைகள் செய்தார்கள். வெள்ளைப் பீங்கானில், உள்ளங்கை அளவில். முதலாளி மங்கலம்பேட்டைக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் துபாய், சவுதி என்று போயிருக்க இவர் ஒருவர்தான் ஊரில் நின்று மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தார். எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

சூளையை நான்தான் பார்த்துக்கொண்டேன். சூப்பர்வைசர் நாற்காலி காலியாக இருந்தது. ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

“நான் ஆக்கிடுவேன்டா,” என்றார். “எனக்கு என்னா? ஆனா மால் எடுக்குற கம்பெனிக்காரன் வந்து, யாரு உங்க சூப்பர்வைசர், என்னா படிச்சிருக்காருன்னு கேக்குறான். நான் ஒன்னய காட்டி, இவரு பத்தாவதுங்க, ஆனா நெறைய ஊரு பாத்தவருன்னா சொல்ல முடியும்? ஒரு டிப்ளமோ வாங்கிக்கினு வா. அதுவரைக்கும் நாற்காலி அப்படியே இருக்கும்.”

பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் ஒரு பாலிடெக்னிக் இருந்தது. பத்தாவது முடித்தவர்களுக்கு டிப்ளமோ மூன்று வருடம். ப்ளஸ் டூ முடித்திருந்தால் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். மூன்று வருடம் என்றதும் எனக்கு மூச்சு முட்டியது. இரண்டு என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. இல்லாதது ப்ளஸ் டூ மட்டும்தான்.

ஜங்ஷன் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்பு, அழுக்குத் திரை, நாலைந்து கம்ப்யூட்டர். நடத்தியவர் என் வயதுக்காரர். முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் எல்லாரும் அவரை சார் என்பார்கள். கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். ‘ஆன்லைன் +2. பள்ளி செல்ல வேண்டாம். வயது தடையில்லை. வேலைக்கும் மேற்படிப்புக்கும் செல்லும்.’

“இது செல்லுங்களா சார்?” என்று கேட்டேன்.

“செல்லாததயா கண்ணாடில ஒட்டுவேன்? இங்க பாருங்க. அவங்க சைட்டுலயே போட்டிருக்குது. உலகம் பூரா ஒத்துக்குறாங்களாம்.”

“உலகம் பூரா சரிங்க. விருத்தாசலத்துல?”

“விருத்தாசலம் உலகத்துலதானங்க இருக்குது?”

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் ஏமாற்றுகிறவர் இல்லை. தன் மனைவியின் தம்பியையே அதில் சேர்த்திருந்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் சைட்டைத் திறந்தால் முதலில் ஒரு படம் வரும். மெதுவாக, மேலிருந்து கீழாக இறங்கும். நீல வானம், பிறகு கடிகாரம் வைத்த கோபுரம், பிறகு சிவப்புச் செங்கல் கட்டிடம், கடைசியில் புல்வெளியில் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகள். அவ்வளவு பச்சையான புல்லை நான் எங்கள் பக்கத்தில் பார்த்ததில்லை. அதுதான் என் பள்ளிக்கூடம் என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பதற்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

படித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். சார் பிரின்ட் எடுத்துக் கொடுத்த பாடங்களைச் சூளைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். கணக்கு, இயற்பியல், வேதியியல். பக்கங்கள் சூட்டில் மொடமொடவென்று ஆகிவிடும். இங்கிலீஷ் புரியாத இடத்தில் டிக்‌ஷனரி. பட்டறை ஆட்கள் விடவில்லை. “ஏய், கலெக்டர் படிக்கிறாரு, சத்தம் போடாதீங்கடா” என்பான் ஒருவன். மோல்டில் மண் ஊற்றுகிற ஒரு ஆயா இருந்தது. “படிக்கட்டும் வுடுடா. நீ படிச்சிருந்தா இந்நேரம் என்னா பண்ணியிருப்ப? இங்கதான் இருந்திருப்ப. ஆனா கொஞ்சம் மரியாதையா பேசியிருப்ப” என்று அவனை அடக்கும்.

பரீட்சை பிரவுசிங் சென்டரிலேயே. கேள்வி வரும், கீழே நாலு பதில், ஒன்றைத் தொட வேண்டும். வேதியியல் பரீட்சையின் நடுவில் கரண்டு போய்விட்டது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். கரண்டு வந்து திறந்தபோது அதே கேள்விகள் மறுபடியும் முதலிலிருந்து வந்தன. இடையில் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ள நேரம் கிடைத்திருந்தது. அது எனக்கு உறுத்தியது. ஆனாலும் வசதியாகத்தான் இருந்தது.

பிராக்டிகலும் உண்டு. ஒரு கண்ணாடிக் குடுவையின் படம், மேலே ஒரு குழாயின் படம். மவுஸை அமுக்கினால் ஒரு சொட்டு விழும். அமுக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் குடுவையில் இருக்கிற தண்ணி ரோஸ் நிறமாக மாறும். மாறியதும் கம்ப்யூட்டர் கைதட்டியது. நிஜமாகவே கைதட்டுகிற சத்தம். பக்கத்துத் தடுப்பில் இருந்தவன் திரையை விலக்கி எட்டிப் பார்த்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சர்டிபிகேட் கூரியரில் வந்தது. தடித்த தாள், வளைந்த எழுத்து, மூலையில் தங்க நிறத்தில் பல் பல்லாக ஒரு சீல். சாரே அதை வண்டியில் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பாய் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். “மாஷா அல்லா. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குதேடா” என்றார். அக்கா அன்றைக்கே ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போய் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். நல்ல காகிதம் எது வீட்டுக்கு வந்தாலும் தண்ணி படாமல், கரையான் அரிக்காமல் பிளாஸ்டிக்குக்குள் வைத்துவிட வேண்டும். சீல் கொஞ்சம் தடிப்பாக இருந்ததால் அதைச் சுற்றிக் காற்று நின்று ஒரு குமிழி விழுந்திருந்தது.

பேனர் அதற்கு அடுத்த வாரம்.

பாலிடெக்னிக்குக்கு மாமாவின் ஆட்டோவில்தான் போனோம். அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டாள். நான் இஸ்திரி போட்ட சட்டை. அட்மிஷனுக்கு வந்திருந்த பையன்கள் எல்லாருக்கும் அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அப்பாக்கள் பக்கத்தில் நின்றார்கள். வரிசையில் என் முறை வந்ததும் மேசைக்குப் பின்னால் இருந்த கிளார்க் என் பின்னால் பார்த்தார்.

“பையன் எங்க?”

“நான்தாங்க சார்.”

“நீங்கதான்னா?”

“நான்தாங்க சேர வந்திருக்கேன்.”

அவர் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். அவர் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்திருந்தால் எனக்குப் பிறகு கோபப்படவாவது வாய்ப்புக் கிடைத்திருக்கும். சர்டிபிகேட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். லேமினேஷன் மேல் நகத்தால் சீலைச் சுரண்டிப் பார்த்தார். குமிழி அமுங்கி மறுபடி எழுந்தது.

“இது எந்த போர்டுங்க?”

மேலே அச்சடித்திருந்த பெயரைச் சொன்னேன்.

“அது ஸ்கூல் பேரு. போர்டு எது? பரீட்ச வச்சி மார்க்கு போட்டது யாரு?”

“அவங்களேதாங்க சார்.”

“அவங்கள யாரு ஒத்துக்கிட்டாங்க?”

அதற்கும் அவர்களேதான் என்பதுதான் பதில். சைட்டில் அவர்கள்தானே எழுதியிருந்தார்கள். அவர் சர்டிபிகேட்டோடு வந்திருந்த மதிப்பெண் தாளைத் திருப்பினார்.

“கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் போட்டிருக்குதே. பிராக்டிகல் எங்க பண்ணீங்க?”

“ஜங்ஷன் ரோட்டுலங்க.”

“ஜங்ஷன் ரோட்டுல என்னா ஸ்கூலு?”

“பிரவுசிங் சென்டருங்க. கம்ப்யூட்டர்லயே வருங்க. சொட்டு சொட்டா விட்டா கலரு மாறும்.” சொல்லிக்கொண்டே ஆட்காட்டி விரலை மேசைமேல் அமுக்கிக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. கை தானாகவே போய்விட்டது.

பின்னால் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அவன் அப்பா அவன் தலையில் தட்டுகிற சத்தமும் கேட்டது. பிறகு அந்த அப்பாவும் தொண்டையைச் செருமிக்கொண்டார். விரலை மேசையிலிருந்து எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கிளார்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “வூட்டுலேருந்து படிக்கிறது தப்பில்லீங்க. கவர்ன்மென்டே ஓப்பன் ஸ்கூலு நடத்துது. பிரைவேட்டாவும் எழுதலாம். ஆனா அதுக்கெல்லாம் நேர்ல போயி ஹால்ல உக்காந்து எழுதணும், லேப்ல நின்னு பண்ணணும். இத நான் எடுத்துக்கினு மேல அனுப்புனா, இப்படி ஒரு போர்டே லிஸ்ட்ல இல்லன்னு திரும்பி வரும். காலேஜிலயும் இதான் சொல்வாங்க. தெரிஞ்ச கம்பெனி எதுலயாவது வேணா காட்டிக்கலாம். வெளிநாடு போறதா இருந்தாலும் அட்டெஸ்டேஷன்ல நின்னுடும்.”

அக்கா அதுவரைக்கும் சுவர் ஓரமாக நின்றவள், முன்னால் வந்தாள்.

“சார், பேனரே வச்சிட்டோம் சார்.”

அந்த அறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்கு அது தெரியவில்லை. “பாலக்கரையில வச்சிருக்கோம் சார். ஊரே பாத்துடுச்சி. இப்ப இல்லன்னா எப்பிடிங்க?”

“பேனரு வைக்கிறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா” என்றார் கிளார்க். அவர் முகத்தில் கேலி இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். “பத்தாவது சர்டிபிகேட் இருக்குதுல்ல? மொத வருஷத்துல சேருங்க. மூணு வருஷம். கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள போயிடும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெளியே வரும்போது சிரித்த பையன் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். அண்ணே என்று கூப்பிட்டான். ஏதோ சொல்ல வந்தான். நான் நிற்கவில்லை.

மறுபடி ஆட்டோவில் ஏறினோம். பாலக்கரை வந்ததும் பேனர் கண்ணில் பட்டது. மாமா வண்டியை ஓரம் கட்டினார். “எறக்கிடட்டுமாடா?” என்றார். பிறகு அவரே சொன்னார். “எறக்குனா ஏன்னு கேப்பானுங்க. எல்லாரும் சேந்து போட்டது.” ஸ்டாண்டில் பேனரை யாரும் இறக்குவதில்லை. அடுத்தவருக்குக் கல்யாணமோ சாவோ வந்து இடம் தேவைப்பட்டால்தான் இறங்கும். அந்த மாதம் பார்த்து பாலக்கரையில் யாரும் சாகவில்லை, யாருக்கும் கல்யாணமும் நடக்கவில்லை. நான் வேலைக்குப் போக மணிமுத்தாற்றுப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வழியைப் பழகிக்கொண்டேன்.

பட்டறையில் நான் சொல்லவில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது. என் பெயர் ஆன்லைன் ஆகிவிட்டது. “ஆன்லைனு, டீ வந்துடுச்சி.” “ஆன்லைனு, சூளைய தொறக்கலாமா? கரண்டு இருக்குதா பாரு.” அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர்கள்தான். பாய் ஒருமுறை அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “வுடுடா. நான் ஒத்துக்குறேன், போதாதா? நீ பாஸ்தான்.”

ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அவருக்கு அந்தக் காகிதம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நாற்காலி அப்படியேதான் காலியாக இருந்தது.

பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கிளார்க் சொன்னதைச் சொன்னேன். சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. என் முன்னாலேயே சைட்டைத் திறந்து, கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டார். ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல் பதிவு செய்ததைச் சொன்னது. நாங்கள் இரண்டு பேரும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். மெயில் போட்டார். பதிலுக்கு வாழ்த்துகள் என்று ஒரு மெயில் வந்தது. மேற்கொண்டு படிக்க ஒரு டிகிரியும் அவர்களிடமே இருக்கிறதாம். சார் எழுந்து போய்க் கண்ணாடியில் இருந்த தாளைக் கிழித்தார். பசை ஒட்டிய மூலைகள் அப்படியே நின்றன. “என் மச்சானுக்கு என்னா பதில் சொல்றதுன்னு தெரியலங்க” என்றார்.

அக்காதான் பிராது கட்டலாம் என்றாள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு முருகன் கோயில் உண்டு. அங்கே சாமியிடம் பிராது கொடுப்பது வழக்கம். கோர்ட்டில் வழக்குப் போடுகிற மாதிரியேதான். ஆடு திருடு போனவர்கள், கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாதவர்கள், புருஷன் விட்டுவிட்டுப் போனவர்கள் எல்லாரும் வருவார்கள். யார்மேல் பிராது, அவர் ஊர் எது, என்ன செய்தார் என்று காகிதத்தில் எழுதி, கோயில் ஆபீசில் கொடுத்து, சாமி முன்னால் வைத்து, பிறகு அங்கே காவலுக்கு நிற்கிற முனியப்பரின் வேலில் கட்டிவிட வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். சாமி அவ்வளவு தூரம் நடந்து வந்து விசாரிக்க வேண்டுமல்லவா, கட்டணம் அதற்கு ஏற்ற மாதிரி. காரியம் முடிந்ததும் மறுபடி போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் வழக்கு முடியாமல் சாமியிடம் நிற்கும்.

எனக்குப் போக விருப்பமில்லை. பாலிடெக்னிக்கில் ஒருமுறை ஆனது போதாதா என்று இருந்தது. ஆனால் அக்கா முன்னால் நடந்துவிட்டாள்.

எழுதிக்கொடுக்க ஒரு ஆள் மரத்தடியில் பலகையோடு உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பின்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அக்கா நடந்ததையெல்லாம் சொன்னாள், பேனர் உட்பட. அவர் கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார்.

“சரிம்மா. எதிராளி பேரு?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பள்ளிக்கூடத்தின் இங்கிலீஷ் பெயரைச் சொன்னேன். காதில் விழுந்த மாதிரி தமிழில் எழுதிக்கொண்டார்.

“ஊரு?”

“ஊரு தெரியலங்க.”

“தாலுக்கா, ஜில்லாவாச்சும்?”

“கம்ப்யூட்டர்ல இருக்குதுங்க” என்றாள் அக்கா.

அவர் பேனாவை மூடி வைத்தார். “எத்தினியோ வருசமா எழுதுறேன். கம்ப்யூட்டர்ல குடியிருக்கிறவன் மேல யாரும் பிராது கட்டுனதில்லம்மா. விலாசம் இல்லாம சாமி எங்க போயி நிக்கும்?”

பின்னால் இருந்தவர்களுக்கு இது சுவாரசியமாகிவிட்டது. சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்த ஒருவர், “கடைகாரன் மேல எழுதுங்க. அவனுக்கு விலாசம் இருக்குதுல்ல” என்றார். கூட இருந்த அம்மாள், “அந்த ஆபீஸ்காரன் மேல எழுது. சேத்துக்கிட்டா என்னா கொறஞ்சிடும் அவனுக்கு? பாவம், ஆச ஆசயா படிச்ச புள்ள” என்றாள். புள்ள என்று அவள் சொன்னபோது எனக்கு இன்னும் கூசியது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். “அந்த சாரு மேல எழுதவா?”

“வேணாங்க்கா. அவரும் ஏமாந்தவருதான்.”

“ஆபீஸ்ல இருந்தாரே, அவரு மேல?”

“அவரு உள்ளதத்தான சொன்னாரு.”

“அப்ப யாரு மேலதான்டா எழுதச் சொல்ற?”

மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோழி ஒன்று பலகையைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருந்தது. எழுதுகிறவர் அவசரப்படுத்தவில்லை.

“எழுதுங்க,” என்றாள் அக்கா. “எதிராளி என் தம்பி.”

அவர் நிமிர்ந்தார். “நெசமாவா சொல்ற?”

“ஆமாங்க. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குறான். பாதியில பாதியில வுட்டுட்டு ஓடிடுறான். மூணு வருசம்னதும் ராத்திரியெல்லாம் பொரளுறான், மறுபடி கெளம்பப் போறான்னு எனக்குத் தெரியும். அவன் ஒரு படிப்ப முழுசா முடிக்கணும். சாமி அவன புடிச்சி உக்கார வைக்கணும். அப்படி எழுதுங்க.”

“எதிராளி விலாசம்?”

“எங்க வூடுதான்.” தெருப் பெயரை, கதவு எண்ணை எல்லாம் சொன்னாள். பிராது கொடுக்கிறவர் விலாசமும் எதிராளி விலாசமும் ஒன்றாகவே இருந்தது. அந்த ஆள் இரண்டு இடத்திலும் அதையே நிதானமாக எழுதினார்.

பின்னால் இருந்த அம்மாள் சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “நல்லா எழுதுன தாயி” என்றாள்.

அக்கா காகிதத்தைச் சுருட்டி வேலில் கட்டினாள். அதில் ஏற்கெனவே கட்டியிருந்தவை காய்ந்த இலைக்கொத்து போல அடர்ந்து கிடந்தன. எதிராளியாக இருந்துகொண்டு பக்கத்தில் நின்று நூலைப் பிடித்துக் கொடுத்தது நான் மட்டுமாகத்தான் இருக்கும். திரும்பி வரும்போது கடையில் எனக்குக் கம்மர்கட் வாங்கிக் கொடுத்தாள், சின்னப் பையனுக்கு வாங்கித் தருவதுபோல. தின்றேன்.

முதல் வருடத்தில் நான் சேரவில்லை. அந்தப் பையன்களோடு, அந்த விரல் ஞாபகத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார முடியும் என்று தோன்றவில்லை. கிளார்க் சொன்ன ஓப்பன் ஸ்கூலில் பணம் கட்டினேன். வெளியூரில் சென்டர். நேரில் போய், ஹாலில் உட்கார்ந்து எழுதுகிற பரீட்சை. வேதியியல் லேபில் நிஜக் குடுவையைக் கையில் பிடித்தேன். சொட்டு விட்டுக்கொண்டே இருந்தேன். ரோஸ் நிறம் வந்தது, நிறுத்தத் தெரியாமல் விட்டேன், சிவந்துபோய்விட்டது. மறுபடி செய்யச் சொன்னார்கள். கைதட்டல் எல்லாம் இல்லை.

இரண்டு பாடம் பாஸ் செய்தேன். மீதிப் பரீட்சைக்கு முன்னால் குஜராத்திலிருந்து பழைய சூப்பர்வைசர் கூப்பிட்டார். போய்விட்டேன். அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன், அதற்கு முன்னால் எப்போதும் சொன்னதில்லை. அவள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். பாய் அந்த நாற்காலியில் நெய்வேலிப் பக்கத்து டிப்ளமோ பையன் ஒருவனை உட்கார வைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

குஜராத்தில் புது இடத்தில் சேரும்போது என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார்கள். பத்தாவது என்றேன். அந்த ப்ளஸ் டூ சர்டிபிகேட் பெட்டிக்குள்தான் இருந்தது. எடுக்கவில்லை.

அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது பேனர் பாலக்கரையில் இல்லை. அக்கா வீட்டுக் கொல்லையில் விறகுமேல் மூடியிருந்தது. நல்ல ஃப்ளெக்ஸ், மழை இறங்காது என்றார் மாமா. என் முகம் உள்பக்கமாகப் போயிருந்தது. தோளில் இருந்த அந்தக் கை மட்டும் மடிப்பில் வெளியே தெரிந்தது.

சோறு போடும்போது அக்கா கேட்டாள். “அந்தப் பிராத வாபஸ் வாங்கிடலாமாடா?”

“இன்னும் மூணு பாடம் இருக்குதுக்கா.”

“சரி. சாப்புடு.”

இப்போதும் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள், போனிலும் கேட்கிறாள். அந்தக் காகிதம் இந்நேரம் மழையிலும் வெயிலிலும் நைந்து உதிர்ந்திருக்கும். ஆனால் வாபஸ் வாங்காதவரை வழக்கு இருக்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. எனக்கு எதிராக, அந்த வீட்டு விலாசத்தில். கேட்டதும் நான் குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிடுகிறேன்.